பனிமலையில் எண் 3

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஆல்ப்ஸ் சிகரம் ஒன்றுக்கு நடந்தும் பனிச்சறுக்குப் பலகையிலும் சென்று வந்த அனுபவக் கட்டுரையை ஆவலுடன் படித்தேன். பலகையின் அடியில் ஒட்டும் பட்டையின் மயிரிழைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஏறும்போது பலகை முன்னே வழுக்கிச் செல்லுமே தவிரப் பின்னே சறுக்காது என்பதையும், உச்சியை ஒட்டிய முகட்டில் பலகையைக் கழற்றிவிட்டு, பூட்ஸில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு பனிக்கோடரியுடன் நடந்தே ஏற வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால், அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை எண் 3 என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார்.

கடலூர் துறைமுகத்தின் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே எண்கள் 11 வரை உண்டு. ஆகவே 3 என்றதும் படகைக் கரையேற்றிவிட்டு, 8-க்கும் 10-க்கும் இன்னும் தூரம் இருக்கிறது என்று மனம் கணக்குப் போடும். ஐரோப்பியப் பனிச்சரிவு அளவுகோலோ 5-லேயே முடிந்துவிடுகிறது. அங்கே 3 என்றால், 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் ஒரே ஓர் ஆளின் எடைகூடப் பனி அடுக்கைப் பெயர்த்துவிடலாம் என்று பொருள். 4, 5 என்ற நாள்களில் பெரும்பாலோர் அத்தகைய சரிவுகளுக்குப் போவதில்லை. 3 என்றால் துணிந்துவிடுகிறார்கள். உயிரிழப்புகள் மிகுதியாக நேர்வதும் அந்த எண்ணில்தான்.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவார நகரமான கிரெனோபிளில் படிக்கும் என் மகன், போன பிப்ரவரியில், "இன்று 3 தான் அப்பா" என்று தொலைபேசியில் சொன்னபோது, "சரி, போய் வா" என்றுதான் நானும் சொன்னேன். முகட்டுக்குக் கீழே காற்று குவித்து வைத்திருந்த பனியைக் கம்பால் குத்திப் பார்த்த வழிகாட்டி, எல்லோரையும் திருப்பி அழைத்து வந்ததைப் பிறகே அறிந்தேன். அன்று நான் சொன்ன சொல் இன்னும் என்னை உறுத்துகிறது.

புதுச்சேரியிலும் கடலூரிலும் பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பிய குடும்பங்கள் பல; குல்மார்க், ஔலி என்று நம் நாட்டுப் பனிமலைகளுக்குச் செல்லும் இளைஞர்களும் இருக்கிறார்கள். பனியில் புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க இயலாது. உடன் சென்றவர்களே தேட வேண்டும். அதற்காக ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் இருப்பதோடு, அவற்றைக் கையாளும் பயிற்சியும் இருக்க வேண்டும்.

இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, அந்த 5 எண்களின் பொருளையும் இக்கருவிகளைப் பற்றிய விளக்கத்தையும் கட்டம் கட்டி அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.