வாசிப்போர் பட்டியலில் அடிக்கப்பட்ட ஒரு பெயர்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குருவானவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் தோத்திரம்.

31 வருடங்களாக நம் ஆலயத்தின் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தி வருகிறேன். இத்தனை வருடத்தில் கமிட்டி எடுத்த எந்த முடிவையும் எதிர்த்து நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது வடக்கு வாசல் பலகையில் ஒட்டியிருக்கும் வேதபாடம் வாசிப்போர் பட்டியல். அதில் மூன்றாவது ஞாயிற்றுக்கு நேரே இருந்த பெயர் நீலப் பேனாவால் அடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கோடு போதவில்லை, மூன்று கோடுகள். மூன்றாவது கோட்டில் தாளே கிழிந்துவிட்டது.

அவன் யாரென்று ஊருக்கே தெரியும். பெயரை இங்கே எழுதவில்லை. என்னிடம் ஞாயிறு பள்ளியில் படித்த பிள்ளை. அவன் செய்ததையெல்லாம் மூடி மறைத்துவிட்டு அவனுக்காகப் பரிந்து பேசப் போவதில்லை. பெற்ற தாயின் கம்மலை அடகு வைத்துக் குடித்தான், அதை மீட்கவே இல்லை. உங்களில் ஒருவருடைய தோட்டத்து மோட்டாரைக் கழற்றி விற்றான். கிறிஸ்துமஸ் ஆராதனையின் நடுவே உள்ளே வந்து கூச்சல் போட்டு, பிள்ளைகளை அழ வைத்தான். ஒரு மழை இரவில் என் வீட்டுத் திண்ணையில் வந்து விழுந்தான். "டீச்சர்" என்று இரண்டு முறை கூப்பிட்டான். நான் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்தேன். காலையில் பார்த்தபோது திண்ணையில் ஈரம் மட்டும் இருந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவனைப் பற்றி உங்களுக்கு எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால் பொய் எழுதியவளாவேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசியில், பிறந்து மூன்று நாளில் ஒரு குழந்தை இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட வழக்கம்போல அவனைத்தான் கூப்பிட்டார்கள். கூலி கைக்கு வந்ததும் அவன் நேரே மதுக்கடைக்குப் போவான் என்பது தெரிந்துதான் கூப்பிட்டார்கள். நம் தேரி மண்ணில் சின்னக் குழி வெட்டுவதுதான் கஷ்டம். வெட்ட வெட்டச் செம்மணல் சரிந்து உள்ளே விழும். அவன் குழிக்குள் இறங்கி நின்று இரண்டு கைகளாலும் மணலை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தபோதே பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். தகப்பனுக்குக் கை நடுங்கியது. குனிந்து, பெட்டியைக் குழிக்குள் நின்ற இவன் கையில் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், அந்தப் பெட்டிக்கு எடையே இல்லை. கீழே வைத்தேன். மேலே ஏற முடியவில்லை. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் தலைகுனிந்து ஜெபத்தில் இருந்தார்கள்."

அன்று அவன் கூலியை வாங்கவில்லை. கல்லறைத் தோட்டத்து அடி பம்பில் கை கழுவிவிட்டு இருட்டும் வரை அங்கேயே இருந்தான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கஞ்சி கேட்டான். அதிலிருந்து இன்று வரை அவன் குடிக்கவில்லை. மோட்டாருக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வருகிறான். வாங்கிக்கொள்பவர் உங்கள் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியிருந்தும் கமிட்டி அவனைக் கூப்பிட்டு, எந்தக் கன்வென்ஷன் கூட்டத்தில், எந்தத் தேதியில், யாருடைய செய்தியைக் கேட்டு உன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாய் என்று விசாரித்திருக்கிறது. "கூட்டத்தில் இல்லை, குழிக்குள்" என்று அவன் சொன்னதும் சிலர் சிரித்தார்களாம். இன்னும் ஐந்து வருடம் போகட்டும், பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.

பெரியவர்களே, ஆண்டவர் யாரை எங்கே கூப்பிட்டார் என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மோசே எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்துவிட்டு ஓடியவன். 40 வருடம் கழித்து, மாமனாருடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவனுக்கு அழைப்பு வந்தது. மத்தேயு ஆயத்துறையில் வரி வாங்க உட்கார்ந்திருந்தான். சமாரியப் பெண் வெயில் ஏறிய நேரத்தில் தண்ணீர் மொள்ள வந்தவள். இவர்களில் ஒருவராவது ஜெபிக்கப் போன இடத்தில் கூப்பிடப்பட்டதாக எழுதியிருக்கிறதா?

பேதுருவின் காரியத்தில் மட்டும் சற்று நில்லுங்கள், ஏனென்றால் இது எனக்கே வெகுகாலம் கண்ணில் படாத ஒன்று. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்தபடி ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்தான். அங்கே எரிந்தது கரிநெருப்பு என்கிறது யோவான் 18ஆம் அதிகாரம். 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் சீஷர்களுக்கு மீன் சுடுகிறார். அங்கேயும் கரிநெருப்பு. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. நம் தமிழ் வேதாகமமும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறது. அந்தப் புகையின் வாடை மூக்கில் பட்டவுடன் பேதுருவுக்கு எந்த இரவு நினைவுக்கு வந்திருக்கும்! ஆண்டவர் அந்த இரவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றுதான் ஆரம்பித்தார். சாப்பிட்டு முடித்த பிறகு, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் ஆடுகளை அவன் கையில் ஒப்படைத்தார். ஐந்து வருடம் தள்ளிவைக்கவில்லை. அதே காலை, அதே கரை, வலையில் பிடித்த 153 மீன்கள் கிடந்த இடம்.

நம் திருநெல்வேலித் திருச்சபை எப்படித் தொடங்கியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கிளாரிந்தா அம்மையார் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவரோடு மணமாகாமல் வாழ்ந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது அந்த உறவைக் காரணம் காட்டி மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அப்படி மறுத்தது தவறென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த மறுப்போடு அவர் கதவைச் சாத்திவிடவில்லை. அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்து தம் கையாலேயே அந்த அம்மையாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருப்பவர்கள் 40 பேர். அதில் முதல் பெயர் கிளாரிந்தா. 1785இல் எழும்பிய ஆலயமும் அந்த அம்மையார் முயற்சியில் கட்டப்பட்டது. அன்று அந்தப் பெயரின் மேல் யாராவது மூன்று கோடு இழுத்திருந்தால் நம் பதிவேடு எங்கிருந்து தொடங்கியிருக்கும்?

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நாளைக்கு அவன் மறுபடி குடித்துவிட்டால் ஆலயத்துக்கு அவமானம் என்கிறீர்கள். தமஸ்குவிலிருந்த சீஷன் அனனியாவுக்கும் இதே பயம் இருந்தது. நேர்த்தெருவுக்குப் போய், சபையைத் துன்புறுத்தி வந்த சவுலைப் பார் என்று ஆண்டவர் சொன்னபோது, அந்த மனிதன் எருசலேமில் எவ்வளவு பொல்லாங்கு செய்தான் என்று அவன் கணக்குச் சொன்னான். ஆண்டவர் அந்தக் கணக்கைத் தவறென்று சொல்லவில்லை, நீ போ என்றார். வழியில் சவுலைச் சந்தித்தது ஆண்டவர்தான். பார்வையிழந்திருந்த அவன் கண் திறப்பதற்கோ சபையிலிருந்து ஒரு மனிதன் தெருவில் நடந்து போக வேண்டியிருந்தது. போனவன் உள்ளே நுழைந்ததும் அவன்மேல் கைகளை வைத்து, "சகோதரனாகிய சவுலே" என்றான். சொல்லும்போது அவன் நாக்கு எவ்வளவு தயங்கியிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என் திண்ணையில் அன்று விளக்கை அணைத்தபோது நான் செய்யாமல் போனது இந்த ஒன்றைத்தான்.

பணப் பொறுப்பு எதுவும் அவனிடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனே அதை வேண்டாம் என்கிறான். "காணிக்கைப் பையை என் கையில் கொடுக்காதீர்கள் டீச்சர், வாசிக்க மட்டும் விடுங்கள்" என்றான். வாசிப்பதென்றால் இரண்டு நிமிட வேலைதானே, அதற்கு ஏன் இவ்வளவு என்று உங்களுக்குத் தோன்றலாம். நாற்பது வயதில் அவன் இப்போதுதான் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கப் பழகியிருக்கிறான். பட்டியலில் பெயர் வந்த நாள் முதல் ராத்திரி எட்டு மணிக்குமேல் தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்று வாசித்துப் பார்க்கிறான். அவன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வசனம் மனப்பாடம். அவன் ஒரு சொல்லை விட்டுவிட்டால் "தள்ளிவிட்டாய், மறுபடி படி" என்பாள். பெயர் அடிபட்டது தெரிந்த பிறகும் அவன் வாசிப்பதை நிறுத்தவில்லை. நேற்று இரவும் கேட்டது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வாசிக்க வேண்டியவள் நான். அந்த இடத்தை அவனுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பலகையில் புதிய தாள் ஒட்டும்போது கோடு எதுவும் இல்லாமல் அவன் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதுங்கள். அன்று காலை அவன் வீட்டுக்குப் போய் அவனைக் கோவிலுக்கு அழைத்துவர உங்களில் ஒருவர் வந்தால், கூட நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஆண்டவர் பணியில்,
உங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை