டேங்க் சுமக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாய்லாந்தின் கோ தாவ் தீவில், கடலில் முக்குளிப்பவர்களுக்கு வழிகாட்டும் டைவ்மாஸ்டர் பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து காற்று அடைத்த டேங்க் சுமப்பதும், விருந்தினர் கழற்றிப் போட்ட வெட்சூட்டுகளை (முக்குளிப்பு உடைகளை) நன்னீரில் அலசிக் காயப்போடுவதும், படகின் தளத்தைக் கழுவி விடுவதுமாகவே பொழுது போகிறது என்று எழுதியிருக்கிறாய். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் கூலியாளாக நடத்துகிறார்களோ என்று நீ கேட்டிருந்த வரியை அம்மாவும் நானும் திரும்பத் திரும்பப் படித்தோம். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) இதே தொழிலில் வயதின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீ செய்யும் வேலையில் பெரும்பாலானது பயிற்சியேதான். ஆனால் பயிற்சி முடிந்து சுரண்டல் தொடங்கும் இடம் ஒன்றும் உண்டு. அது எங்கே என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் டேங்கைப் பற்றி. நீங்கள் பயன்படுத்தும் பதினோரு லிட்டர் அலுமினிய டேங்கில் 200 பார் (கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு) அழுத்தத்தில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று அடைபட்டிருக்கிறது. அந்தக் காற்றுக்கு மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை உண்டு. அதனால் தொடக்கத்தில் தண்ணீரில் அமிழும் அதே டேங்க், காற்று தீரத் தீர ஆளை மேலே இழுக்கத் தொடங்குகிறது. விருந்தினர் அமிழ்வதற்கு ஈயக்கட்டி கட்டி விடும்போது அவர் இறங்கப்போகும் முதல் நிமிடத்தை நினைத்துக் கணக்கிட்டால் போதாது. 50 பார் காற்று மிச்சமிருக்க, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்க வேண்டிய கடைசிக் கட்டத்தை நினைத்துக் கணக்கிட வேண்டும். புத்தகத்தில் இது ஒரு பத்தியாக இருக்கிறது. நிறைந்த டேங்கையும் தீர்ந்த டேங்கையும் நாள் தவறாமல் ஏற்றி இறக்கிய உன் தோளுக்கு அந்தப் பத்தி இனி மறக்காது.

டேங்கில் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் அறையில் உன்னை நிற்க வைத்தார்கள் என்றால் அதையும் வெறுக்காதே. காற்றை உள்ளே இழுக்கும் குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இன்ஜின் புகை எந்தப் பக்கம் போகிறது, ஃபில்டரைக் கடைசியாக மாற்றிய தேதி பதிவேட்டில் இருக்கிறதா என்று பார். புகையிலிருந்து கலக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. கரையில் ஓரளவு தாங்கக்கூடிய அளவே முப்பது மீட்டர் ஆழத்தில் நான்கு மடங்கு அழுத்தத்தில் ஆளை மயக்கி விடும். மூச்சுக் காற்று எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் பிறருக்கு அதை மாட்டி விடுகிறவரை நான் வழிகாட்டி என்று சொல்லமாட்டேன்.

அதேபோல ஒரு சிறு சோதனை. கூட்டாளியின் ரெகுலேட்டரில் (டேங்கிலிருந்து வாய்க்குக் காற்றுத் தரும் கருவியில்) நான்கைந்து மூச்சு ஆழமாக இழுத்தபடி அழுத்தமானியின் முள்ளைப் பார். டேங்கின் வால்வு முழுவதும் திறந்திருந்தால் முள் அசையாது. அரைகுறையாகத் திறந்திருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து மறுபடி எழும். படகில் 200 என்று காட்டுகிற டேங்க், இருபது மீட்டரில் மூச்சுக் கொடுக்க மறுப்பது இப்படித்தான். கண்ணால் பார்த்து 'காற்று இருக்கிறது' என்று சொல்பவர்கள் ஏராளம். நீ முள்ளைப் பார்த்தபடி மூச்சிழுக்கச் சொல்லிக் கொடு.

முக்குளிப்புச் சான்று வழங்கும் பி.ஏ.டி.ஐ. அமைப்பின் விதிப்படி டைவ்மாஸ்டர் பயிற்சியைத் தொடங்க 40 முக்குளிப்புகளும், சான்று பெற 60 முக்குளிப்புகளும் வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததே. 400 மீட்டர் நீச்சலையும், மூச்சுக்குழாய் வைத்து 800 மீட்டர் ஸ்நார்கெல் நீச்சலையும், களைத்துப்போனவரை 100 மீட்டர் இழுத்து வருவதையும், 15 நிமிடம் மிதந்து நிற்பதையும் நீ சிரமமின்றி முடித்து விடுவாய். சிறு வயதிலிருந்தே உப்புத் தண்ணீரில் வளர்ந்தவள். நான் அக்கறையோடு கேட்பது அந்தக் கருவி மாற்றும் சோதனையைப் பற்றி. நீருக்கடியில் இருவர் ஒரே ரெகுலேட்டரில் மாறி மாறி மூச்சு வாங்கிக்கொண்டே மாஸ்க், காலில் மாட்டும் ஃபின், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பி.சி.டி. சட்டை எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் மாற்றி அணிய வேண்டும். உடல் வலுவுள்ளவர்கள் அதில் திணறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காரணம் எப்போதும் ஒன்றுதான்: ஒருவர் தன் பங்கை முடிக்கும் அவசரத்தில் மற்றவரின் மூச்சு முறையை மறந்து விடுவார். ஒரே அறையில் தங்கி, ஒரே பானையில் சமைத்து, அடுத்தவருக்குத் தூக்கம் போதவில்லை என்பதைச் சொல்லாமலே தெரிந்துகொள்கிற இருவர் அதை அலட்டிக்கொள்ளாமல் செய்து முடிப்பார்கள். உன் கூட்டாளியாக வரப்போகும் பெண்ணோடு இரவுச் சமையலைப் பகிர்ந்துகொள்வதாக எழுதியிருந்தாய். அதை விடாதே.

ஹேவ்லாக்கில் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையை நீ குழந்தைக் கண்ணால்தான் பார்த்தாய், அதனால் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தீவில் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் நெல்லும் பாக்கும் விளைவித்தார்கள். படகிலும் கடலிலும் எங்களுக்கு ஆசான்களாக இருந்தவர்கள் கரேன் மக்கள். 1925-இல் பர்மாவிலிருந்து அந்தமானின் மாயாபந்தர் பகுதிக்கு அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர் அவர்கள். இன்று உலகின் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் தேடி வரும் ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள், ஜாக்சன்ஸ் பார் ஆகிய முக்குளிப்பு இடங்கள் கரேன் முக்குளிப்பாளர்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தண்ணீரின் நிறம் மாறுவதையும் நங்கூரக் கயிறு சாயும் கோணத்தையும் வைத்து நீரோட்டம் எப்போது திரும்பும் என்று அவர்கள் சொல்வார்கள். பெருநகரத்திலிருந்து வந்து சான்றிதழ்களை அடுக்கி வைத்திருந்த பயிற்றுநர்கள் அந்தச் சொல்லுக்கு மறுபேச்சில்லாமல் நிகழ்ச்சி நிரலை மாற்றினார்கள். மாலையில் எல்லோரும் ஒரே நீள மேசையில் பதிவுப் புத்தகம் எழுதும்போது, படகோட்டி சொன்னவையும் ஆழத்துக்கும் நேரத்துக்கும் பக்கத்திலேயே எழுதப்பட்டு விடும். அந்த மேசைதான் எங்களுக்கு உண்மையான வகுப்பறை. யார் காற்றை வேகமாகத் தீர்த்தார், யாருக்குக் காது அடைத்தது, யார் பயந்ததை மறைத்தார் என்பதெல்லாம் அங்கேதான் வெளிவரும். கேட்டு யாரும் சிரிக்காததால் வெளிவரும்.

நீ இருக்கும் தீவில் படகிலும் சமையலறையிலும் பர்மாக்காரர்கள் பலர் வேலை செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுடைய பெயரைக் கற்றுக்கொள். அவர்கள் மொழியில் நான்கு சொல்லாவது பேசு. ஏணியில் ஏற முடியாமல் அலையில் அடிபடும் விருந்தினரின் கையை முதலில் பற்றப்போவது அவர்களில் ஒருவர்தான். அவர் உன் சைகையை நம்பி உடனே செயல்படுவாரா என்பது நீ அவரை எப்படி நடத்தியிருக்கிறாய் என்பதைப் பொறுத்தது.

இனி மாணவர்களைப் பற்றி. முதல் நாள் ஆழமில்லாத நீரில் மாஸ்க்குக்குள் தண்ணீர் விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றச் சொல்லும்போது, பயந்தவர் பெரும்பாலும் கையால் 'சரி' என்றே காட்டுவார். கையைப் பார்க்காதே, கண்ணைப் பார். இமை கொட்டாமல் விரிந்த கண்ணும், வேகமாகத் தொடர்ந்து வரும் குமிழிகளும் இருந்தால் அந்தச் 'சரி' பொய். அவரை அழைத்துக்கொண்டு மேலே வந்து, எல்லோர் முன்பும் அல்லாமல் தள்ளி நின்று பேசு. மூச்சை அடக்கக்கூடாது என்ற விதியை ஆழத்துக்கு மட்டுமான விதியாகச் சொல்லிக் கொடுக்காதே. பத்து மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் நுரையீரலில் அடக்கி வைத்த காற்று இரு மடங்காக விரிகிறது. முப்பதிலிருந்து இருபதுக்கு வரும்போது அதில் மூன்றில் ஒரு பங்கே பெருகுகிறது. அதாவது மிகுந்த ஆபத்து, எல்லோரும் பாதுகாப்பு என்று நினைக்கிற அந்தக் கடைசிப் பத்து மீட்டரில்தான். மிரண்டு போன மாணவர் விருட்டென்று மேலே எழும்பும் இடமும் அதுவே. நீ நிற்க வேண்டிய இடம் அவருக்குச் சற்று மேலே, கைக்கெட்டும் தூரத்தில்.

மாணவர்களை மணலில் மண்டியிட வைத்து ஒவ்வொரு பயிற்சியும் செய்யச் சொல்வது எங்கள் காலத்து வழக்கம். இப்போது பல இடங்களில் தொடக்கத்திலிருந்தே மிதந்தபடி கற்பிக்கிறார்கள். இதுவே மேல் என்று உறுதியாகச் சொல்வேன். 2010-இல் ஏப்ரல், மே மாதங்களில் அந்தமான் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்படி ஏற்கெனவே நலிந்து நிற்கும் பவளத்தின் மீது சமநிலை தெரியாத ஒரு மாணவரின் ஃபின் ஒருமுறை பட்டாலே பல ஆண்டு வளர்ச்சி ஒடிந்து விழும்.

எவரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் ஒரு முக்குளிப்பை நிறுத்தலாம். காரணம் கேட்கக் கூடாது. இந்த விதியை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஆனால் பணம் கட்டிய விருந்தினர் பன்னிரண்டு பேர் காத்திருக்கையில், ஓர் இளம் பயிற்சியாளரால் மூத்தவரிடம் அதைச் சொல்ல முடிகிறதா என்பதே ஒரு ரிசார்ட்டின் தரத்தைக் காட்டும். மேலே வேகமாக வந்து நோயுற்றவர்களுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை, ஹேவ்லாக்கில் இருந்த எங்களுக்குப் போர்ட் பிளேரின் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கடற்படை மருத்துவமனையில்தான் இருந்தது. அரசுக் கப்பலில் அங்கே போக இரண்டரை மணி நேரம் ஆகும். அந்த இரண்டரை மணி நேரத்தை மனத்தில் வைத்துத்தான் நாங்கள் 'இன்று வேண்டாம்' என்றோம். உன் தீவிலும் நோயாளியை எங்கே, எந்தப் படகில், எவ்வளவு நேரத்தில் கொண்டு போவார்கள் என்று விசாரித்து வை. ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டதோடு நிற்காமல், நீயே எடுத்துத் திறந்து அழுத்தத்தைப் பார்.

சுரண்டல் தொடங்கும் இடம் எது என்று சொல்கிறேன். சுமப்பதும் அலசுவதும் பயிற்சியோடு சேர்ந்து நடக்கும் வரை சரி. வாரக்கணக்கில் சுமந்தும் ஒரு வகுப்புக்குக்கூட உதவியாளராக அழைக்கப்படவில்லை, உன் பயிற்சி ஏட்டில் யாரும் கையெழுத்திடவில்லை என்றால் அது பயிற்சி அல்ல. சான்று கைக்கு வருமுன்னரே பணம் கட்டியவர்களைத் தனியாக அழைத்துப் போகச் சொன்னால், அது உன் திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று எண்ணி விடாதே, மறுத்து விடு. அவர்களுக்கு ஏதாவது நேர்ந்தால் நிற்க வேண்டியவள் நீ. காப்பீடு உன் பெயரில் இருக்கிறதா, எந்த ஆழம் வரை செல்லும் என்றும் கேட்டுக்கொள். மரியாதையாக, எழுத்தில் கேள். நல்ல இடம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வா. கட்டிய பணத்தைப் பற்றி நானும் அம்மாவும் ஒரு சொல் சொல்ல மாட்டோம்.

நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் மழையும் காற்றும் வரும்போது விருந்தினர் குறைவார்கள். ரெகுலேட்டர்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது பெரும்பாலும் அப்போதுதான். உட்கார்ந்து பார்க்க அனுமதி கேள். பயிற்சிக்காக நீ வரைய வேண்டிய நீரடி வரைபடத்துக்கான அளவுகளை அதற்கு முன்பே, தண்ணீர் தெளிவாக இருக்கையில் எடுத்து விடு. சளி பிடித்திருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதே. ஆழத்தில் மருந்தின் வேகம் தணிந்து காது அடைத்துக்கொண்டால் மேலே வருவதே பெரும்பாடாகி விடும். தண்ணீர் நிறையக் குடி.

பொங்கலுக்கு வருவதாக இருந்தால், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது விதி. நீ ஒரு முழு நாள் விட்டே டிக்கெட் எடு. அதற்கு முன், பயிற்சி ஒப்பந்தத் தாளையும் உன் பயிற்சி ஏட்டில் இதுவரை கையெழுத்தான பக்கங்களையும் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. படித்துப் பார்த்து, அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா