பந்து உருட்டுற தேனீயை துணுக்கோட விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல தேனீ பந்து விளையாடுதுன்னு நாலு வரி துணுக்கும் ஒரு கார்ட்டூனும் போட்டிருந்தீங்க, நானும் சிரிச்சேன், ஆனா விஷயத்துல முக்கால்வாசி விட்டுப்போச்சு சார். அது நாம தேன் எடுக்குற தேனீ கிடையாது, பம்பிள்பீன்னு குண்டா புசுபுசுன்னு இருக்குமே அது. லண்டன் குயின் மேரி யுனிவர்சிட்டில லார்ஸ் சிட்காவோட டீம் 2022ல வெளியிட்ட ஆராய்ச்சி. நேரா போனா சாப்பாடு, வழியில ஒரு பக்கம் உருளுற குட்டி மரப் பந்து, இன்னொரு பக்கம் அசையாம ஒட்டி வெச்ச பந்து. பந்தை உருட்டினா சர்க்கரைத் தண்ணி ஒரு சொட்டு கூட கிடைக்காது, அப்படியும் உருளுற பக்கமாவே போய் கட்டிப்பிடிச்சு உருட்டிட்டு இருந்துச்சுங்க, அதுவும் வயசானதை விட இளசுங்கதான் ஜாஸ்தி. ஒரு தேனீ மட்டும் மொத்தமா 117 தடவை!

துணுக்குல வராத மேட்டர் இதுதான். பந்து இருக்குற அறைக்கு ஒரு கலர், இல்லாத அறைக்கு வேற கலர்னு பழக்கிட்டு, அப்புறம் ரெண்டுலயும் பந்தே இல்லாம திறந்து விட்டா பந்து இருந்த கலர் பக்கமே அதிகமா போகுது. பிடிச்சிருந்தாத்தானே போகும்?

சும்மா இயல்பூக்கம், பிறவிலயே வர்ற பழக்கம்னு தள்ளிடவும் முடியாது. அதே டீம் 2017ல செஞ்சதுல, ஒரு தேனீ தூரத்துல இருக்குற பந்தை நடுவுக்கு இழுத்து சர்க்கரை வாங்குறத பார்த்த இன்னொரு தேனீ, அதையே காப்பி அடிக்காம பக்கத்துல இருக்குற பந்தை இழுத்துச்சு. வேலை மிச்சம்! இத்தனைக்கும் தேனீ மூளைல சுமார் 10 லட்சம் நியூரான்தான் (நரம்பு செல்), நமக்கு 8,600 கோடி.

இதனால தேனீக்கு நம்மள மாதிரி மனசு இருக்குன்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா அதே பிரிட்டன்ல 2022ல வந்த சட்டம் நண்டு, ஆக்டோபஸ் எல்லாம் வலி உணரும்னு ஏத்துக்கிட்டு பூச்சிய மட்டும் வெளிய நிறுத்திடுச்சு. தொல்காப்பியத்துல நண்டும் தும்பியும் ஒரே நாலறிவு வகுப்புல உக்காந்திருக்கு (அதுக்காக அப்பவே சயின்ஸ் தெரியும்னு கிளம்பிடாதீங்க). எல்லைக் கோட்டை நண்டோட ஏன் நிறுத்தணும், பூச்சிக்கு வலி தெரியாதுன்னு எதை வெச்சு முடிவு பண்றாங்கன்னு விஷயம் தெரிஞ்ச யாரையாவது வெச்சு ஒரு முழுப் பக்கம் எழுத வையுங்க சார், கார்ட்டூன் வேணும்னா ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷ வாசகர், திண்டுக்கல்