கியர் டைட்டாக விழுகிறதா? பாக்ஸை இறக்கும் முன் எஞ்சினை அணைத்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாகனப் பக்கத்தின் கேள்வி பதிலில், கியர் மாற்றுவது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்ட ஒரு வாசகருக்கு 'கிளட்ச் செட்டை மாற்றிவிடுங்கள்' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது (பிளேட், அதை அழுத்தும் மூடி, பேரிங் எல்லாம் சேர்ந்ததுதான் செட்). அந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் பட்டறையில் வண்டியை விட்டு கியர் பாக்ஸை இறக்கச் சொல்வார்களோ என்று நினைத்தபோது மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். கியர் டைட்டாக விழுவதற்கான காரணம் ஐந்தாறு இடங்களில் இருக்கலாம், அதில் பாதி இடங்களைச் சோதிக்க ஒரு ஸ்பானர்கூட வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது இதுதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள், ரிவர்ஸையும் சேர்த்து. ஏதாவது ஒரு கியர் முட்டினால் வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். உள்ளே பல் நேர்படாமல் நின்றிருக்கும், அது கோளாறில் சேராது. இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்த கியர் எஞ்சின் ஓடும்போது முரண்டு பிடித்தால், கியர் பாக்ஸின் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை, கிளட்ச் முழுசாக விடவில்லை, அதாவது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் முழுசாகப் பிரிக்கவில்லை. அணைத்திருக்கும்போதே டைட்டாக இருந்தால் லீவர், கேபிள், ராடு, புஷ் (இணைப்புகளில் இருக்கும் வளையம்), அப்புறம்தான் பாக்ஸின் உள்பக்கம். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வழி வந்துவிடும்.

கிளட்ச் மேல் சந்தேகம் வந்தால் ரிவர்ஸை வைத்து உறுதி செய்துகொள்ளலாம். ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடட்டும், பெடலை அடிவரை மிதித்து, ஐந்தாறு நொடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமமாக்கும் வளையம்) கிடையாது, அதனால் அவசரப்பட்டுப் போட்டால் நல்ல வண்டியே கரகரக்கும். பொறுத்துப் போட்டும் கரகரவென்று சத்தம் வந்தால், மிதித்த பிறகும் எஞ்சின் கியர் பாக்ஸின் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் 'செட்டை மாற்று' என்ற பதில் ஆளைத் திசை திருப்புகிறது. எஞ்சின் சுற்றைப் பிடித்துக் கியர் பாக்ஸுக்குக் கொடுக்கிற கிளட்ச் பிளேட் தேய்ந்தால் எஞ்சின் உறுமும், வண்டி இழுக்காது, மேட்டில் தீய்ந்த வாடை வரும். அது ஸ்லிப், அதாவது பிளேட் வழுக்குவது. கியர் விழாமல் போவது அதற்கு நேர் எதிரான கோளாறு, பிளேட் பிடிக்க வேண்டாத நேரத்திலும் பிடித்துக்கொண்டிருப்பது. பெடலை முழுசாக மிதித்தாலும் பிளேட்டின் இரண்டு பக்கமும் கிடைக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தச் சின்ன இடைவெளி வராமல் போக பெடலில் கொஞ்சம் தூரம் வீணானால் போதும். பெடலுக்கு அடியில் மடிந்து கிடக்கிற தடித்த தரை விரிப்பே இதைச் செய்துவிடும், அதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் பூ வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் ஆம்னி வேன் வைத்திருக்கிறார், விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வந்தால்தான் அன்றைக்குப் பிழைப்பு. ஃபர்ஸ்ட் கியர் விழவில்லை என்று ஒரு பட்டறைக்குப் போக, அவர்கள் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் முழுவதையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு அவர் கடன் வாங்கியிருக்கிறார். "சார், புது கிளட்ச் போட்டும் கியர் விழ மாட்டேங்குது" என்று வந்து நின்றார். அவர் பையனை பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு நான் வண்டிக்கு அடியில் படுத்து கிளட்ச் ஃபோர்க்கின் (பெடலின் இழுப்பை வாங்கி கிளட்சைப் பிரிக்கிற கவையின்) நுனியைப் பார்த்தேன். பெடல் தரையைத் தொடுகிறது, ஃபோர்க் லேசாக அசைந்துவிட்டு நின்றுவிடுகிறது. பழைய கேபிளையே திரும்ப மாட்டியிருந்தார்கள். பெடல் பக்கம் அதன் மேலுறை வெடித்திருந்தது, உள்ளே கம்பி இழை இழையாக அறுந்து, மிச்சமிருந்த சில இழைகள்தான் இழுத்துக்கொண்டிருந்தன, மிதிக்கிற மிதியெல்லாம் ஃபோர்க்குக்குப் போகாமல் அங்கேயே தீர்ந்துவிட்டது. கேபிள் ஒன்று வாங்கி மாட்டி, நட்டைத் திருகி பெடலின் ஃப்ரீ பிளே (வேலை நடக்காமல் பெடல் சும்மா இறங்குகிற தூரம்) சரி செய்ததும் கியர் விழுந்துவிட்டது. முதலிலேயே ஒருவர் அடியில் குனிந்து பார்த்திருந்தால் அந்தக் கடன் வந்திருக்காது, எனக்கு ஆறவே இல்லை. கேபிள் வண்டிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறையும். ஃப்ரீ பிளே அதிகமாகி, பெடல் பாதி தூரம் சும்மா போய்வந்தால் கேபிளையும் அட்ஜஸ்ட்மென்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பொலேரோ போல, கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் வேறு மாதிரி பார்க்க வேண்டும். பெடலை மூன்று நான்கு தடவை வேகமாக அடித்துவிட்டுக் கியர் போட்டால் விழுகிறது, சும்மா ஒரு தடவை மிதித்தால் விழவில்லை என்றால் ஆயில் லைனில் காற்று இருக்கிறது, இல்லை பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது. பிரேக் பேட் தேய்ந்தால் பிரேக் ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு, கிளட்ச் ஆயில் அப்படி இறங்கக் கூடாது, இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ஃபோர்க்கைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் திருடன் கிடைத்துவிட்டான். சில கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான், அங்கே இந்த ஒழுகலை அலட்சியமாக விடவே கூடாது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். நிறையப் பேர் டாப் அப் மட்டுமே செய்துகொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனை! அப்படி நின்ற வண்டியைக் காய விட்டு எடுத்தால் பிளேட் துருவோடு, எஞ்சினோடு சுற்றும் பிளைவீலில் ஒட்டிக்கொண்டிருக்கும், பெடல் நன்றாக இயங்கும், கியர் மட்டும் விழாது. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நகராமல் நின்ற வண்டிகளிலும் இது நடக்கக்கூடியதுதான். இதைப் பல நேரம் பாக்ஸைப் பிரிக்காமலே விடுவிக்கலாம், ஆனால் வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் உங்கள் பத்திரிகை இதைத் தனியாகவே எழுதலாம்.

சரி, கிளட்ச் நன்றாக விடுகிறது, ஆனால் ஒரே ஒரு கியர் மட்டும் தகராறு செய்கிறது என்றால்? பெரும்பாலும் செகண்ட் கியர், அதுவும் தேர்டிலிருந்து இறக்கும்போது. அங்கே சிங்க்ரோ வளையம்தான் முதல் சந்தேகம். கியர்களின் சுற்று வேகத்தைச் சமமாக்கிக் கொடுக்கிற இந்த ஏற்பாடு 1928இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் வந்தது, அதற்கு முன் ஓட்டுநர்தான் காதையும் காலையும் வைத்து அந்த வேலையைச் செய்தார். நாமக்கல் பக்கம் பழைய லாரி ஓட்டிய பெரியவர்களைக் கேட்டால் டபுள் கிளட்ச் எப்படி அடிப்பது என்று சொல்வார்கள்: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கீழ் கியர். அந்தக் கலை இன்றைக்கும் சோதனைக்கு உதவும். சாதாரணமாக இறக்கினால் கரகரக்கிற செகண்ட் கியர், டபுள் கிளட்ச் அடித்தால் சத்தமில்லாமல் விழுந்தால், வேகத்தைச் சமன் செய்ய வேண்டிய சிங்க்ரோ தேய்ந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். இதற்கு மட்டும் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும், செலவைத் தவிர்க்க முடியாது. ஆனால் பிரிக்கும்போது என்ன மாற்றப் போகிறோம் என்று தெரிந்தே பிரிக்கிறோம்.

அதற்கும் முன்னால் ஆயில். காலையில் டைட்டாக இருந்து கொஞ்ச தூரம் ஓடியதும் இளகினால், ஊட்டி, கொடைக்கானலில் இன்னும் அதிகமாகத் தெரிந்தால், ஆயில் கெட்டியானது என்று எடுத்துக்கொள்ளலாம். வண்டிப் புத்தகம் 75 டபிள்யூ 90 (கெட்டித்தன்மை), ஜி.எல்.4 (ஆயிலின் தரம்) என்று சொன்னால் அதைத்தான் ஊற்ற வேண்டும். சக்கரங்களுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு வைத்திருக்கிற ஜி.எல்.5 ஆயிலையே பாக்ஸிலும் ஊற்றிவிடுகிற பழக்கம் இருக்கிறது. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு வேண்டிய உராய்வைக் குறைக்கும், சில வகை பித்தளையை அரிக்கவும் செய்யும். ஆயில் வடிக்கும்போது ஒன்று கவனியுங்கள், ஊற்றுகிற பிளக் கழன்றுவிடும் என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் வடிக்கிற பிளக்கைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பாக்ஸ் காலியாகி வண்டி அங்கேயே நிற்கும். வடிக்கிற பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். பல் துண்டு கிடைத்தாலோ, வடிந்த ஆயிலில் பித்தளைத் துகள் மினுங்கினாலோ பாக்ஸைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

லீவர் பக்கத்துக் கோளாறுகள் சுலபம்: தேய்ந்த பிளாஸ்டிக் புஷ், காய்ந்த கிரீஸ், துருவேறிய கியர் கேபிள். எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் உடைந்து எஞ்சின் இறங்கியிருந்தாலும் கியர் டைட்டாகும், அதையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

பட்டறை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாக்ஸை இறக்கும் முன் எஞ்சின் அணைத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது, ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது, ஆயில் எப்படி இருந்தது என்று ஜாப் கார்டில் எழுதி, வண்டிக்காரருக்குக் காட்டிவிட்டு இறக்குங்கள். உழைத்துச் சம்பாதிக்கிறவர் பணம் அது.

ஆசிரியர் அவர்களே, இப்படிக் கேள்வி அனுப்புகிறவர்களிடம் எந்தக் கியர், சூடான பிறகா சூடாகும் முன்பா, எஞ்சின் ஓடும்போது மட்டுமா, கிளட்ச் ஆயில் குறைகிறதா என்ற நான்கையும் எழுதச் சொல்லி ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். முடிந்தால் கிளட்ச் ஃபோர்க்கும் ஸ்லேவ் சிலிண்டரும் எந்த இடத்தில் இருக்கும் என்று ஒரு படமும் போடுங்கள். படத்தில் பார்த்தவர்கள் பட்டறையில் அதைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
உடுமலைப்பேட்டை.