மையால் அடித்த சொல்லைத்தான் பிள்ளை முதலில் தேடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கதைப் புத்தகங்களில் வரும் கெட்ட வார்த்தைகளை என்ன செய்வது என்று கேட்ட பெற்றோருக்கு, "கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கொடுங்கள்" என்று தங்கள் இதழில் ஒரு யோசனை வந்திருந்தது. அது வேலைக்கு ஆகாது. மார்க்கர் மை தாளில் ஊறி மறுபக்கத்து வரிகளையும் கெடுக்கும். ஒயிட்னர் காய்ந்ததும் நகத்தால் சுரண்டினால் உதிரும். சுரண்டாவிட்டாலும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து தெரியும். முந்நூறு பக்கப் புத்தகத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை நாமே அடையாளம் போட்டுக் கொடுத்த மாதிரியும் ஆகிவிடும். வகுப்பில் அந்தப் பக்கம்தான் கைமாறும்.

கோளாறு அதற்கும் முன்னாலேயே தொடங்குகிறது. எல்லாவற்றையும் "கெட்ட வார்த்தை" என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். ஆங்கில நாவல்களில் வரும் டேம், ஹெல், ப்ளடி போன்றவை கோபத்தில் வாய் உதிர்ப்பவை. பத்து வயதுப் பிள்ளை அவற்றைக் கதையில் படித்து ஒன்றும் கெட்டுப்போகாது. சொல்லக்கூடாத இடம் எது என்று தெரிந்தால் போதும். உடலுறுப்புச் சொற்கள் இன்னொரு வகை. அமெரிக்காவின் சிறுவர் நூல் பரிசான நியூபெரி பதக்கத்தை 2007-இல் பெற்ற நாவல் ஒன்றின் முதல் பக்கத்திலேயே, பாம்பு ஒரு நாயை விதைப்பையில் கடித்த செய்தி வருகிறது. அந்த ஒரு சொல்லுக்காகச் சில பள்ளி நூலகங்கள் புத்தகத்தையே வாங்க மறுத்தன. அறிவியல் பாடத்தில் இருக்கும் சொல் அது. பிள்ளை கேட்டால் பாடத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

கவனம் முழுக்க வேண்டியது மூன்றாம் வகையில்: சாதி, நிறம், உடல் குறை, உடல் பருமன் ஆகியவற்றை வைத்து இழிக்கும் சொற்கள். இவை ஆங்கிலப் புத்தகத்தில் வந்தால் நமக்கு உறுத்துகிறது. தமிழ்க் கதையில் வந்தால் காதிலேயே விழுவதில்லை. "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கியது சாக்கு" என்று பழமொழித் தொகுப்பில் இருப்பதை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பாட்டி கதையில் கெட்டவன் வந்தால் "சண்டாளன்" என்கிறோம். அந்தப் பெயரில் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்று உண்டு. அதைக் கேலியாகவோ வசையாகவோ பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் அறிவுறுத்தியது. "டேம்" என்று படித்த பிள்ளை அதை யார் மீதும் எறிவதில்லை. கதையில் "குண்டன்" என்று படித்தால் மறுநாளே வகுப்பில் ஒருவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்; பள்ளி முடியும் வரை போகாது.

அதற்காகத் திட்டுச் சொல் எல்லாவற்றையும் கழித்துக்கட்டவும் முடியாது. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயரே வசைதான். அதை எடுத்துவிட்டால் கதையும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆனால் அங்கே சிரிப்பு அவர்கள் செய்யும் காரியத்தைப் பார்த்து வருவது. பிறப்பையோ உடம்பையோ பார்த்து வருவதில்லை. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது, எதற்காக?

புத்தகத்தைக் கொடுக்கும் முன் முழுவதும் படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி. முதல் அத்தியாயம், நடுவில் ஒரு சண்டையோ விளையாட்டுப் போட்டியோ வரும் இடம், கடைசிக்கு முந்தைய அத்தியாயம் — இந்த மூன்றையும் பாருங்கள். பள்ளிக்கூடக் கதைகளில் வசைகள் பெரும்பாலும் இந்த இடங்களில்தான், அதுவும் உரையாடலில்தான் இருக்கும். அரை மணி நேரம் போதும். மின்னூல் என்றால் இன்னும் சுலபம். தேடல் பெட்டியில் சொல்லை அடித்தால் எத்தனை இடம் என்று காட்டிவிடும்.

சின்னப் பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது சொல்லை மாற்றிக்கொள்ளலாம். அதை அந்த நொடியில் யோசித்தால் குரல் தடுமாறும்; தடுமாறிய இடத்தைப் பிள்ளை விடாது. முன்பே மாற்றுச் சொல்லைப் பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதி வையுங்கள். மூலச் சொல்லின் நீளமும் வேகமும் அதற்கு இருக்க வேண்டும். "சனியனே" என்ற இடத்தில் "அடப்பாவமே" பொருந்தும். "ஒழுக்கமற்றவனே" என்று படித்தால் கதை செத்துவிடும். எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகு இது செல்லாது. மடியில் உட்கார்ந்து வரியோடு வரியாகக் கண்ணை ஓட்டும் பிள்ளை, "அம்மா, அங்க அப்படி இல்லையே" என்று பிடித்துவிடும். அன்றோடு மாற்றுவதை நிறுத்திவிட்டு, சொல்லை அப்படியே படித்து விளக்கத் தொடங்க வேண்டியதுதான்.

விளக்கம் ஓரிரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். "கோபம் வந்தா சில பேர் இப்படிச் சொல்லுவாங்க, நம்ம வீட்டுல சொல்றதில்ல." சாதிச் சொல்லுக்கு: "ஒருத்தரோட பிறப்ப வச்சு அவமானப்படுத்துற வார்த்தை இது. அந்தக் காலத்துல எழுதிட்டாங்க, அப்பவும் அந்தச் சொல்லக் கேட்டவங்களுக்கு வலிச்சிருக்கும்." சாதாரணக் குரலில் சொல்லுங்கள். "அதெல்லாம் பெரியவங்க விஷயம்" என்றால் பிள்ளை பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய்க் கேட்கும். அவன் சொல்லும் விளக்கம் நமக்குத் தேவையா?

பிள்ளையே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் யாரும் சிரிக்கக் கூடாது. நடைமுறையில் இதுதான் கஷ்டம். தாத்தா சிரிப்பார், மாமா, "எங்க, இன்னொரு தடவை சொல்லு" என்று விருந்தாளிகள் முன் சொல்ல வைப்பார். அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. இன்னொரு பக்கம், "வாயில சூடு போட்டுடுவேன்" என்ற மிரட்டல். அதைவிட மோசம், "எங்கடா கத்துக்கிட்ட?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்பது. புத்தகம் என்று பதில் வரும், புத்தகம் பரணுக்குப் போகும், அதன் பிறகு பிள்ளை எந்தச் சொல்லையும் நம்மிடம் கொண்டுவராது.

பதிப்பாளர்களே மாற்றிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். 2023 பிப்ரவரியில் பஃபின் என்ற சிறுவர் நூல் பதிப்பகம், பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்ட் டாலின் நூல்களில் நூற்றுக்கணக்கான இடங்களைத் திருத்தியிருப்பது வெளியே வந்தது. "ஃபேட்" (குண்டு) என்பது "எனார்மஸ்" (மிகப் பெரிய) ஆகியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய வாசகத்தோடு 17 நூல்களைத் தனி வரிசையாகவும் வெளியிடுவோம் என்றார்கள். ஆகவே இன்று ஒரே தலைப்பில் இரண்டு வாசகங்கள் உண்டு. இணையத்தில் வாங்கும்போது வரிசைப் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் 219 இடங்களில் வரும் நிறவெறிச் சொல்லை 2011-இல் ஓர் அமெரிக்கப் பதிப்பு "ஸ்லேவ்" (அடிமை) என்று மாற்றியது. ஊரார் வாயிலுள்ள சொல்லையே பேசிக்கொண்டு, தப்பியோடிய அடிமை ஒருவனுக்குத் துணைநின்று, மனத்தால் ஊரை மீறும் சிறுவனின் கதை அது. சொல்லை மாற்றினால் அந்த மீறலின் கனம் குறைந்துவிடுகிறது. பதின்மூன்று வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் கூட இருந்து, மூலத்தையே படிப்பது மேல். எழுத்தாளரே திருத்தினால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. டாலே தன் சாக்லேட் தொழிற்சாலைக் கதையில், 1964 பதிப்பில் ஆப்பிரிக்கப் பிக்மிகளாக (குள்ள உருவ இனத்தாராக) வந்த ஊம்பா லூம்பாக்கள் என்னும் தொழிலாளர்களை 1973 பதிப்பில் மாற்றினார்.

தமிழ்ப் பதிப்பாளர்களும் பழைய சிறுவர் கதைகளை மறுபதிப்புச் செய்கையில் சொற்களை மாற்றலாம், குறிப்பாகச் சாதியும் உடல் குறையும் வரும் இடங்களில். ஆனால் சொல்லாமல் மாற்றக் கூடாது. ஆண்டும் விலையும் அச்சிடும் பக்கத்திலேயே, "முதற்பதிப்பு இந்த ஆண்டு, இப்பதிப்பில் சில சொற்கள் மாற்றப்பட்டுள்ளன" என்று ஒரு வரி சேர்த்தால், எந்தப் பதிப்பை வாங்குவது என்று பெற்றோரும் நூலகரும் கடையில் நின்றபடியே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
சிறுவர் வாசிப்பு வட்டப் பொறுப்பாளர்கள் சிலர்,
மதுரை.