பத்மினிக்கு இன்னொரு ஃபேன்

வேலூர்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

அம்பாசடரில் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. வண்டி எங்கே சூடாகிறது என்று முதலில் பார்.

என் பிரீமியர் பத்மினி கார் போன கத்திரியில் ஆம்பூர் வரை ஹைவேயில் போனபோது ஹீட் முள் நடுவிலேயே நின்றது. திரும்பி வந்து கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டியதும் சிவப்பைத் தொட்டுவிட்டது. அப்போதே காற்றும் போதவில்லை என்று புரிந்தது. பெல்ட்டில் ஓடும் ஃபேன், எஞ்சின் மெதுவாக ஓடினால் தானும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் வேண்டியதோ அந்த நேரத்தில்தான். ஹைவேயில் எதிர்காற்றே போதும். அங்கே அந்த ஃபேன் எஞ்சின் பலத்தைத் தின்றுகொண்டு இரைகிறது.

ஹைவேயிலேயே முள் ஏறினால் கதை வேறு. ரேடியேட்டர் அடைத்திருக்கும், இல்லை தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டோ வாட்டர் பம்போ கெட்டிருக்கும். நம்ம பக்கத்து போர் தண்ணீர் எப்படி உப்பு படியும் என்று உனக்குத் தெரியாதா! நான் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கூலண்ட் ஊற்றியதிலேயே பாதிக் குறை தீர்ந்தது.

அப்புறம்தான் ஃபேன். பழையதைக் கழற்றவில்லை. ரிலேவோ ஃபியூஸோ போனால் எலெக்ட்ரிக் ஃபேன் சத்தமில்லாமல் நின்றுவிடும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் போய்விடும். பெல்ட் அறாதவரை பழைய ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சின்ன எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றை, காற்றை உள்ளே தள்ளும்படி மாட்டினேன். தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டினால் தானே ஓடும். பாடியில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. கழற்றினால் அப்பா வாங்கிய வண்டி அப்படியே இருக்கும். எனக்கு அது முக்கியம்.

உன் வண்டியில் கரண்ட் தர இன்னும் டைனமோதானே? அது நல்ல வேகத்தில் ஓடினாலே சுமார் 20 ஆம்பியர்தான் தரும். நெரிசலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஹெட்லைட்டுக்கு ஒரு 10, ஃபேனுக்கு ஒரு 10 என்றால் பேட்டரிதான் பாவம். டைனமோவுக்குப் பதில், எஞ்சின் மெதுவாக ஓடினாலும் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் போடாமல் எலெக்ட்ரிக் ஃபேன் வேண்டாம். அதுவரை பெல்ட்டை இறுக்கி, ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் போடு, அதாவது காற்று பக்கவாட்டில் சிதறாமல் ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடு. அதற்கே நல்ல மாற்றம் தெரியும்.

போன மாதம் ஏலகிரியின் 14 வளைவுகளையும் நிறுத்தாமல் ஏறினேன். ஆடிக் கிருத்திகைக்கு அம்பாசடரிலேயே வா. என்னிடம் மீட்டர் இருக்கிறது, டைனமோவை அளந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் மச்சான்