ஐஸ் ரூமுக்குப் போய்வந்த கொலைகாரர்கள்: ஒரு நன்றி மடல்

சந்தாதாரர்களுக்கும், நண்பர்களுக்கும், எங்களை ஒருமுறைகூடப் பார்க்காமலே பணமும் பிளீச்சிங் பவுடரும் அனுப்பிவைத்தவர்களுக்கும்,

வணக்கம்.

பொங்கல் முடிந்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். டிசம்பர் முதல் வாரத்து வெள்ளத்தில் கடலூரில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்பெண்ணை எங்கே வந்தது, செம்மண்டலத்து குடோனில் எந்த அளவுக்கு நின்றது என்பதையெல்லாம் போட்டோவில் பார்த்தீர்கள். சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரிலேயே வந்து பார்த்தீர்கள். அதை மறுபடி எழுதத் தெம்பில்லை.

செய்தி இதுதான்: அப்பாவின் அலமாரி பிழைத்துவிட்டது.

விற்பனைக்கு வைத்திருந்த மறுபதிப்பு ஸ்டாக் போனது போனதுதான். அதற்காக யாரும் வருந்த வேண்டாம். எல்லாம் கம்ப்யூட்டரில் ஃபைலாக இருக்கிறது, காசு சேர்ந்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். அப்பாவின் அலமாரி அப்படியில்லை. திருப்பாப்புலியூரில் அவர் வாடகை நூல் நிலையம் நடத்திய காலத்தில் சேர்ந்த மாத நாவல்கள் அவை. துப்பறியும் கதை, பேய்க்கதை, மாந்திரீகக் கதை, வேற்றுக் கிரகத்து ஆசாமிகள் ஏற்காட்டில் வந்து இறங்கும் கதை. பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் தொங்கவிட்டு விற்றவை. படித்து முடித்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து பொட்டலமாகி, சுண்டலோடு சேர்ந்து வீட்டுக்கே திரும்பி வந்தவை. பதிப்பித்த ஒவ்வொரு நூலையும் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. மாத நாவல் போட்டவர்களில் எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பது அங்கே போய்த் தேடியவர்களுக்குத்தான் தெரியும். நான் தேடியிருக்கிறேன். அதனால், நாங்கள் மறுபதிப்புப் போடும் பல தலைப்புகளுக்கு அந்த அலமாரிதான் மூலப்படி, அதுவே கடைசிப் படியும்.

அது முழுக்க நனைந்துவிட்டது.

புதுச்சேரியில் பழைய சுவடிகளையும் காகிதங்களையும் பாதுகாக்கும் வேலையில் இருக்கும் ஒரு வாசகர் அன்று காலையே போன் செய்தார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குரலில் பதற்றமே இல்லாமல் வரிசையாகச் சொன்னார். ஈரப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். வெயிலில் போடாதீர்கள். சேற்றை மட்டும், புத்தகம் மூடியிருக்கும்போதே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும், அதற்குள் உறைநிலையில் வைத்துவிடுங்கள். "உறைநிலைன்னா?" என்று கேட்டேன். "மைனஸ் பதினெட்டு இருந்தா நல்லது" என்றார். கரண்ட்டே இல்லாத ஊரில் நின்றுகொண்டு அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்ட் இருந்தாலும்தான் என்ன? வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் நாற்பது புத்தகம் கொள்ளும். அலமாரியில் இருந்ததோ ஆயிரத்துக்கு மேல்.

இனி நான் யாரைப் பற்றி எழுதப்போகிறேனோ, அவர்தான் இந்த மடலுக்குக் காரணம்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. ஓ.டி. என்று நாங்கள் சொல்லும் முதுநகர்த் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து, பஸ் ஏறி வருகிறவர். அன்று அவரிடம் மீன் இல்லை. புயல் எச்சரிக்கையால் போட்டுகள் கடலுக்குப் போயே நாளாகியிருந்தது. தெருவில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் வெறுங்கையோடு வந்திருந்தார். வாசலில் பரப்பியிருந்த நாவல்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, கருவாடு காயப்போட்டாப்புல போட்டுவெச்சிருக்க?"

நனைந்துவிட்டது அக்கா என்றேன்.

"இது காயாது. நாறிப்பூடும்."

போனில் கேட்டதைச் சொன்னேன். ஐஸ் வைக்க வேண்டுமாம், மைனஸ் பதினெட்டாம், நடக்கிற காரியமா என்று. அக்கா சிரிக்கவில்லை. அலமாரியை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். "கெட்டுப்போற சரக்குதான? அப்ப ஐஸ் ரூமுக்குத்தான் போவணும். வண்டியக் கூப்புடு" என்றார்.

அன்றிலிருந்து இந்தச் சில வாரங்களில் பலர் என்னிடம் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இவை அவ்வளவு முக்கியமா, இதற்கெல்லாம் விலை இருக்கிறதா, இன்னும் யார் படிக்கிறார்கள். அக்கா இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. என்ன புத்தகம் என்றுகூடக் கேட்கவில்லை. கெட்டுப்போகிற பொருள் என்றதும் அவருக்கு மணி ஓட ஆரம்பித்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அந்த மணியோடு ஓடியவர்.

குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு முதுநகர் போனோம். ஐஸும் இறாலும் வைக்கும் ஒரு கம்பெனி. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கணக்குப்பிள்ளை. அவரிடம் அக்கா பேசிய தோரணையை நான் எந்தத் துப்பறியும் நாவலிலும் படித்ததில்லை. "போட்டே போவல, பழைய ரூமு சும்மாத்தான கெடக்குது? இந்தப் பொண்ணு சரக்கு ஏத்திக்க" என்று உத்தரவே போட்டுவிட்டார்.

கணக்குப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி: "எத்தினி கிலோ?"

புத்தகத்தை யாராவது கிலோவில் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்படிக் கேட்பவர்கள் பழைய பேப்பர் கடைக்காரர்கள்தான். இந்த ஒருமுறை மட்டும் கேட்கப்பட்டது காப்பாற்றுவதற்காக. ஏற்றுமதிச் சரக்கு வைக்கும் ரூமில் வேறு எதையும் நுழையவிட மாட்டேன், சுத்தம் விஷயத்தில் விளையாட முடியாது என்று கறாராகச் சொன்னார். நியாயம்தான். உள்ளூர் சரக்குக்கான பழைய ரூமைத் திறந்துவிட்டார். பாலித்தீன் பையில் ஐந்தைந்தாகக் கட்டி, முதுகு கீழே இருக்கும்படி பிளாஸ்டிக் டிரேயில் அடுக்கினோம். நான் நெருக்கி அடுக்கியதை அக்கா கலைத்துப் போட்டார். "இடுக்கு வுட்டு அடுக்கு. குளிரு உள்ள போவ வேணாமா?" புதுச்சேரி வாசகரிடம் பிற்பாடு இதைச் சொன்னபோது, "அவங்களை எங்க ஆபீஸுக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

ரிஜிஸ்டரில் கணக்குப்பிள்ளை எழுதியதை எட்டிப் பார்த்தேன். சரக்கு என்ற இடத்தில் "நாவல்". வாடகை என்ற இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் ஈடாகாது. கம்பெனியின் பெயர் வேண்டாம் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருப்பதால் இதோடு விடுகிறேன்.

குளிர் புத்தகத்தை உலர்த்திவிடாது, அவகாசம் மட்டும்தான் தரும். அந்த அவகாசம்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது. ஊர் தெளிந்து, கரண்ட் வந்து, மாடியில் ஃபேன் ஓடத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு டிரேயாகக் கொண்டுவந்தோம். பக்கங்களுக்கு நடுவே அச்சடிக்காத நியூஸ் பிரிண்ட்டை வைத்து, ஈரம் ஏற ஏற மாற்றினோம். அச்சு மை எண்ணெய் மையானதால் தண்ணீருக்கு அசையவில்லை. கொலை, கடத்தல், நள்ளிரவு டெலிபோன் மணி எல்லாம் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கின்றன. அப்பா குத்திய ரப்பர் ஸ்டாம்ப்பின் ஊதா மைதான் ஓடி, பக்கத்துக்குப் பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் படர்ந்திருக்கிறது. மறுபதிப்பில் அதை கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாம் என்று டிடிபி தம்பி சொல்கிறான். ஒன்றிரண்டு பக்கத்தில் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். மூலப்படிகளில் லேசாக இறால் வாடை. அதுவும் சில கதைகளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இடையில் பார்க்க வந்த ஒரு பெரியவர், நல்ல மனதோடுதான், "நல்லவேளை, போனது இந்த மாதிரி புத்தகங்கள். இலக்கியமாக இருந்திருந்தால்?" என்று ஆறுதல் சொன்னார். புதுமைப்பித்தன் பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பேய்க்கதை போடுகிறாயே என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவரே பேய்க்கதை எழுதியவர்தான் என்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்த காலத்திலிருந்து, நூறு வருஷமாக இந்த ஏச்சு நடக்கிறது. ஏசிய பலரின் பெயர் அப்பாவின் வாடகைப் பேரேட்டில் இருந்தது, என்றைக்கு எடுத்தார்கள், எத்தனை நாள் தாமதமாகத் திருப்பினார்கள் என்பது வரை. பேரேடு பேனா மையில் எழுதியது. முழுதும் கரைந்துவிட்டது. அவர்கள் பிழைத்தார்கள்.

மற்றவர்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத இடமில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். ரீல் முடிவில் மிஞ்சும் நியூஸ் பிரிண்ட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பிய நாளிதழ் அச்சக ஊழியர்கள். சேறு அள்ள வந்த கல்லூரிப் பிள்ளைகள். அவர்களில் இருவர் அள்ள வந்த இடத்தில் படிக்க உட்கார்ந்துவிட்டார்கள், அவர்களுக்கு இரட்டை நன்றி. சந்தா பாக்கியைத் திருப்பித் தருகிறேன் என்றபோது திட்டியவர்கள். டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலும் நின்றுபோனதால் தபால் செலவு ஏறுமே என்று தாங்களாகவே கூடுதலாக அனுப்பியவர்கள். பழைய பில்லைப் பற்றி வாயே திறக்காத பேப்பர் கடைக்காரர், பிளேட்டைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்த சென்னை அச்சகத்தார், பைண்டிங் அண்ணன். சென்னைப் புத்தகக் காட்சியில் எங்களுக்கென்று கடை எடுக்க முடியாதபோது தங்கள் மேஜையில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்த சக பதிப்பாளர்கள். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை குடும்பத்துக்குத்தான். இந்த வருஷம் ராயல்டி வேண்டாம், முதலில் புத்தகத்தைக் காப்பாற்று என்று சொன்ன வாரிசுகள். எல்லாருக்கும் கும்பிடு.

அக்காவிடம் பணம் கொடுத்துப் பார்த்தேன். வண்டிக்கும் லோடு இறக்கிய தம்பிக்கும் பைசா குறையாமல் கொடுக்கவைத்தார், தனக்கு வாங்கவில்லை. "அப்ப நான் இன்னாதான் செய்யறது அக்கா?" என்றேன். "மீன் வாங்கும்போது பேரம் பேசாத, அது போதும்" என்றார். பத்து வருஷமாக வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் நான் அவரோடு போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். அது முடிந்தது. சந்தாதாரர்கள் முன்னிலையில் எழுதிக் கொடுக்கிறேன்: இனி அக்கா சொன்ன விலைதான். என் வீட்டுக்காரர் இதற்குச் சம்மதிக்கவில்லை, ஆனால் மீன் வாங்குவது நான்.

இன்னொன்றும் செய்யப்போகிறேன். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு நாவலும், நாங்கள் மறுபதிப்புப் போடுகிறோமோ இல்லையோ, ஸ்கேன் ஆகும். பிரதியை மூன்று ஊரில் மூன்று பேர் வைத்திருப்பார்கள், அதில் ஒரு ஊராவது ஆற்றங்கரையில் இருக்காது. புதிதாக அச்சாகும் ஒவ்வொன்றும் சட்டப்படி கன்னிமாராவுக்கும் மற்ற நூலகங்களுக்கும் போகும். ரசீது வாங்கி ஒட்டிவைப்பேன். அடுத்த தலைப்பு 300 படி, மார்ச்சில். சந்தா வரிசையில் யாருக்கும் ஒரு இதழும் குறையாது, தாமதம் மட்டும் ஆகும்.

கடைசியாக ஓர் உதவி. அலமாரியில் ஒரு நாவல் மட்டும் அரைகுறையாக இருக்கிறது. சென்டர் பின் அடித்த புத்தகம். துரு ஏறிய பின்னோடு வெளித்தாள்கள் கிழிந்து கரைந்துவிட்டன. இந்த மாதிரி பைண்டிங்கில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் இருக்கும், போனால் சேர்ந்தே போகும். ஆக, தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை, கொலைகாரனும் இல்லை. மிச்சம் இருப்பதைப் படித்தேன், தூக்கம் போய்விட்டது. கொடைக்கானலில் ஒரு பங்களா, நகைக்கடை முதலாளியின் இரண்டாவது மகன் பியானோவின்மேல் செத்துக் கிடக்கிறான், அறை உள்பக்கம் தாழிட்டிருக்கிறது, சமையற்காரருக்கு இடது கையில் ஆறு விரல். இன்ஸ்பெக்டர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, "உங்களில் ஒருவர்..." என்று தொடங்கும் இடத்தோடு நிற்கிறது. அந்த நாளில் இதைப் படித்தவர்கள் யாராவது இருந்தால், பரணில் ஒரு படி கிடந்தால், எழுதுங்கள். புத்தகத்தை அனுப்பக்கூட வேண்டாம், கடைசி எட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ் போதும். என் சந்தேகம் மூத்த மருமகள்மேல். டிடிபி தம்பி சமையற்காரர்தான் என்று நூறு ரூபாய் பந்தயம் கட்டியிருக்கிறான்.

அன்புடன்,
பதிப்பாளர்
கடலூர்